வேப்பிலை இல்லாத வாசல்

நான் எழுதிய செய்தி முதல்முதலாகக் கட்டம் கட்டி வந்தது அம்மையைப் பற்றித்தான். அதற்கு முன்பு வந்ததெல்லாம் பக்கத்தின் மூலையில் நாலு வரி. பஸ் கவிழ்ந்தது, கண்மாய் உடைந்தது, பஞ்சாயத்துத் தேர்தலில் கைகலப்பு. கட்டம் என்றால் சும்மாவா? மூன்றாம் பக்கம், நட்ட நடுவில், தடித்த எழுத்தில் தலைப்பு. அன்றைக்குக் காலையில் திருமயம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் குடித்த டீக்கு ருசியே தெரியவில்லை. அவ்வளவு தலைக்கனம்.

இது நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வேலைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பங்களுக்கு ஒரு பதிலும் இல்லை. சும்மா இருப்பதற்கு, ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபராகச் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் வராத மத்தியான நேரம் பார்த்து, ஓட்டைத் தமிழ் மிஷின் ஒன்றில் படபடவென்று தட்டி, கவரில் போட்டு, திருச்சி போகும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுப்பேன். மறுநாள் அச்சில் வரும். திருத்தி எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. தட்டினால் தட்டினதுதான்.

அந்த வருஷம் பேப்பர் ஆபீசுக்கு 'மீண்டும்' என்ற வார்த்தைமேல் காதல் வந்திருந்தது. அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை, குழந்தைகளைப் பிடிக்கிற நோயெல்லாம் நாட்டைவிட்டுப் போகப்போகிறது என்றுதான் எழுதினார்கள். கக்குவான் போகிறது, தொண்டை அடைப்பான் போகிறது, பெரியம்மை போயே போய்விட்டது. பிறகு எங்கேயோ இரண்டு ஊரில் பிள்ளைகள் படுத்ததும் காற்று திசை மாறியது. மீண்டும் கக்குவான். மீண்டும் அம்மை. ஆபீசிலிருந்து எனக்கும் ஒரு கார்டு வந்தது. உங்கள் வட்டாரத்தில் குழந்தை நோய்கள் மீண்டும் தலைகாட்டியுள்ளனவா, விவரம் அனுப்பவும்.

சும்மா விடுவேனா? சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருமயத்திலிருந்து அரை மணி நேரம் மிதித்தால் வருகிற ஊர் அது. பெயர் வேண்டாம். அங்கே ஒரே தெருவில் மூன்று வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஒருவருக்கு முத்துப் போட்டிருக்கிறது, ஆத்தா வந்திருக்கிறாள். அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். பிச்சைக்காரர்கூட அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவார். உறவுக்காரர் வந்தால் தெருவிலேயே நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவார். வீட்டில் தாளிக்கமாட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் ஊருக்குப் போகமாட்டார்கள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும் வரைக்கும் இதுதான் நடைமுறை. யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு கொத்து இலை போதும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மிஷின் முன்னால் உட்கார்ந்து இப்படித் தட்டினேன்: 'நோயாளிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டு நிலையில் தொங்கும் வேப்பிலையே காட்டிக்கொடுத்துவிடும். அதிகாரிகள் கண்ணைத் திறந்துகொண்டு தெருவில் நடந்தால் போதும்.'

எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன். பிரமாதம் என்று தோன்றியது. ஆபீசுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். கட்டம் கட்டி, ஊர்ப் பெயரோடு போட்டுவிட்டார்கள்.

டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா பேப்பர்காரரே, ஆத்தாவையே காட்டிக் குடுத்துட்டீகளே. ஒங்க வீட்டுக்கு வந்தா எந்தப் பக்கத்துல போடுவீக?"

"மொதப் பக்கத்துலதான்" என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டே நாளில் அந்த ஊருக்கு ஜீப் போனது. சுகாதார அதிகாரி ஒருவர் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வேப்பிலை தொங்குகிற வீடு வீடாக ஏறினார். பாயில் கிடந்த பிள்ளைகளைப் போர்வையை விலக்கிப் பார்த்தார். ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு நோயாளிகளைக் கொண்டுபோய் வைக்கப்போவதாகச் சொன்னார். சொன்னாரா, சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்களா, இன்று வரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. கொட்டகைக்குப் போன பிள்ளை திரும்பாது என்பதுதான் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம் நான் போனபோது தெருவில் ஒரு கொத்துகூட இல்லை. நிலையெல்லாம் வெறுமையாக இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நேரே இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து, 'நமது செய்தியின் எதிரொலி: அதிகாரிகளின் நடவடிக்கையால் அம்மை கட்டுக்குள் வந்தது' என்று தட்டி அனுப்பினேன். அதுவும் வந்தது. பி.ஏ. படித்தவன் எழுதியது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்கு ஏழு வயது, பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். நான் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். அக்காதான் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். தன் கையை முதலில் நீட்டி, "பாரு, ஒண்ணுமில்ல" என்றாள். வலித்திருக்கும். முகத்தில் காட்டவில்லை.

அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. காது குத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதாவது என் மடி. குழந்தைக்கு அதுவரை அம்மை குத்தியிருக்கவில்லை. கையில் ஒரு புண், காதில் ஒரு புண் என்று ஒரே நேரத்தில் வேண்டாம், காது குத்து முடியட்டும் என்று மாமியார் சொல்லியிருந்தார். ஊரில்தான் அம்மை இல்லையே. நான்தான் எழுதிவிட்டேனே.

காது குத்துக்குச் சொல்ல, தட்டில் வெற்றிலை பாக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்கா கிளம்பினாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடப் போனேன். அவள் மாமனார் வழியில் நான்கைந்து வீடுகள் அந்த ஊரில்தான் இருந்தன, அந்தத் தெருவில்தான். வழியெல்லாம் ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள். அக்காவிடம் பேசினார்கள். என்னிடம் ஒருவரும் பேசவில்லை. பேப்பர்காரன் என்ற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதோ நாலாவதோ வீடு. அந்த வீட்டு அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாங்க தாயி. இப்புடியே குடுங்க, வாங்கிக்கிறேன். உள்ள ஒரே குப்பையாக் கெடக்கு."

வாசலில் நின்று வெற்றிலை பாக்கு கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. அப்படிக் கொடுத்தால் அவமதித்தது மாதிரி, வாங்கினால் அவமானப்பட்டது மாதிரி. அக்கா சிரித்தாள்.

"இருக்கட்டும்ங்க. நாங்க என்ன வெளி ஆளா? குப்பை எங்க வீட்டுலயுந்தான் கெடக்கு."

"இல்ல தாயி, கொழந்தைய வச்சிருக்கீக…"

அவள் கண் என் பக்கம் வந்துவிட்டுப் போனது. பேச்சை நிறுத்திக்கொண்டாள். அக்கா நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

நான் வெளியே நின்றேன். செய்வதற்கு வேலை இல்லாததால் வாசலைப் பார்த்தேன். நிலையின் மேல் கட்டையில் ஒரு ஆணி. ஆணியில் அறுந்த நூல், ஒரு சாண் நீளம். மஞ்சள் தடவிய நூல். கீழே படியோரம் காய்ந்த இலை ஒன்று. வேப்பிலை.

உடம்பு சில்லிட்டது என்று எழுதலாம். பொய். முதலில் எனக்கு வந்த எண்ணம், என் இரண்டாவது செய்தி தப்பாகிவிடுமே என்பதுதான்.

அக்கா சீக்கிரமே வெளியே வந்தாள். குழந்தையை முந்தானைக்குள் மூடியிருந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"உள்ள யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"யாருக்கு? ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

"நெலையில நூலு தொங்குதே."

"தோரணம் கட்டியிருப்பாக. நீ வேற. வா, போவோம், வெயிலேறுது."

"மிச்ச வீடு?"

"இன்னொரு நாளைக்கு."

அவள் சொன்னதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள், டீக்கடையில் அம்மை குத்துகிறவர் என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, மடியில் எப்போதும் ஒரு தகரப் பெட்டி. எங்கள் வட்டாரம் முழுக்க நடந்தே திரிகிறவர். என்னை அவருக்குப் பிடிக்காது என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"நேத்து ஒங்க அக்கா வந்துச்சு, தம்பி."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. பஸ் ஏறி, தனியா. கொழந்தையோட கையப் புடிச்சு, 'குத்துங்கண்ணே'ன்னு நீட்டுச்சு. இந்தச் சர்வீஸ்ல நான் ஆளத் தொரத்திக்கிட்டு ஓடித்தான் பழக்கம். தானா வந்து நிக்கிற ஆள நான் பாத்ததே இல்ல."

"எதுக்கு அவசரமா…"

"அத நீங்கதான் கேக்கணும். நான் கேட்டேன், சொல்லல. முந்தின நாள் தட்டோட அந்தத் தெருவுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு மட்டும் ஊருல சொன்னாக. அம்மை உள்ள வீட்டுக்குப் போயிட்டு வந்தா, மூணு நாளைக்குள்ள குத்திக்கிட்டா தப்பிக்கலாம். வந்தாலும் லேசாப் போயிரும். அந்தப் பிள்ளை ஒரு நாள்லயே வந்துருச்சு. கெட்டிக்காரி."

டீயை ஊதிக் குடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"வேப்பில தொங்குற வீட்டுக்குள்ள நான் போகவே மாட்டேன் தம்பி. போனா சண்டைதான். அதுக்கு இங்கிட்டு ரெண்டு வீடு, அங்கிட்டு ரெண்டு வீடு, அங்க போய் நயமாப் பேசிக் குத்திட்டு வருவேன். எந்த வீடுன்னு எனக்குச் சொல்றது அந்த இலை ஒண்ணுதான். இப்பத் தெருவுல எலையே இல்ல. நான் எங்க போய்க் குத்த? நீங்க படிச்சவுக, சொல்லுங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தையின் கையில் குத்திய இடம் சிவந்திருந்தது. மாமியார் கோவிலுக்குப் போயிருந்தார்.

"அந்த வீட்டுல அம்மைதானே?"

"யாரு சொன்னா?"

"அக்கா, எங்கிட்டயே பொய் சொல்றியா?"

கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். திரும்பினாள்.

"ஒங்கிட்டதாண்டா பொய் சொல்லணும். வேற யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உள்ள போனதும் அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாக. 'தாயி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடிருங்க. எம்மகளுக்கு முத்துப் போட்டுருக்கு, குதிருக்குப் பின்னால படுக்க வச்சிருக்கேன்'னு சொன்னாக. அந்த இருட்டு மூலையில, நெல்லு கொட்டி வக்கிற குதிருக்குப் பின்னால, காத்து இல்ல, வெளிச்சம் இல்ல. அஞ்சு வயசுடா அதுக்கு. ஜீப்பு வந்தாப் பாத்துருவாகன்னு. வாசல்ல வச்சே சொல்லியிருப்பாக. நீ நின்ன. நாக்கக் கடிச்சுக்கிட்டாக. 'ஒங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க'ன்னு கேட்டாக. எம்பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு வந்தேன்."

"நான் எழுதியிருக்கமாட்டேன்."

"எழுதியிருப்ப."

உண்மைதான். எழுதியிருப்பேன். 'அம்மை மறைப்பு: குதிருக்குப் பின்னால் சிறுமி.' அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் அந்தத் தலைப்பு ஓடிவிட்டது. இதைச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது.

"இப்ப மட்டும் ஏன் சொல்ற? சத்தியம் பண்ணுனியே."

"நீயே மோப்பம் புடிச்சு வந்துட்ட. இனி அந்தக் குத்துறவரப் போயித் துருவுவ, அந்தத் தெருவுக்குப் போயி நிப்ப. அதுக்கு நானே சொல்லிர்றேன். இப்ப நீ சத்தியம் பண்ணு."

குழந்தையை என் கையில் கொடுத்தாள். அதன் தலையில் கை வைத்தேன். உச்சி இன்னும் மூடாத தலை. உள்ளங்கைக்குக் கீழே துடித்தது.

பிறகு நாட்களை எண்ணினோம். அக்கா மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காது குத்தை ஒத்தி வைத்துவிட்டு, மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். ஊசி குத்திய இடம் கொப்பளித்து ஒரு காய்ச்சல் வந்து போனது. அது நல்ல காய்ச்சல், அம்மைப்பால் பிடித்திருக்கிறது என்றார் குத்துகிறவர். பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ இரண்டாவது காய்ச்சல் வந்தது. அது நல்ல காய்ச்சல் இல்லை.

சேதி கேட்டு ஓடினேன். தெருமுனையிலேயே தெரிந்தது. அக்கா வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து. சின்னக் கொத்து இல்லை, ஒரு கிளையையே ஒடித்துக் கட்டியிருந்தாள். அந்த வட்டாரத்தில் அன்றைக்கு வேப்பிலை தொங்கிய ஒரே வாசல் அதுதான்.

வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே மாமியார் குரல் கேட்டது.

"கழத்தி வையி தாயி. ஜீப்பு வந்தா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாக."

"வரட்டும் அத்தை. வந்தா நான் பேசிக்கிறேன். நம்ம வீட்டுக்குள்ள கைப்பிள்ளையோட யாரும் தெரியாம வந்துரக் கூடாது."

"அக்கா" என்று தெருவில் நின்று கூப்பிட்டேன். அவள் வாசலுக்கு வரவில்லை. சன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எப்புடி இருக்கு?"

"முத்து போட்டுருக்கு. எண்ணிட்டேன், பதினேழு. முகத்துல நாலு. கண்ணுல இல்ல."

"பால் குடிக்குதா?"

"குடிக்குது. நீ போ. குளிச்சிட்டு வீட்டுக்குள்ள போ."

நான் போகவில்லை. எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். எத்தனை நாள் அப்படி உட்கார்ந்தேனோ. இளநீர் வாங்கி வந்து வாசலில் வைப்பேன், நான் தள்ளிப் போன பிறகு அக்கா எடுத்துக்கொள்வாள். சன்னலில் வந்து ஒரு வார்த்தை சொல்வாள். புதுசா வரல. வாடுது. உதிருது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் காத்துக்கிடந்த மாதிரி எந்தப் பேப்பருக்காகவும் காத்துக்கிடந்ததில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அக்கா தானே கிளையை அவிழ்த்து, குளத்தில் கொண்டுபோய் விட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. நெற்றியில் ஒரு தழும்பு, கன்னத்தில் இரண்டு, இடது காது மடலில் ஒன்று.

அந்த வீட்டுச் சிறுமி பிழைக்கவில்லை. எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே போய்விட்டது. அக்காவுக்கு அப்போதே தெரியும். என்னிடம் மூன்றாம் தண்ணீர் ஆன பிறகுதான் சொன்னாள்.

மறுபடி காது குத்துக்கு நாள் வைத்தபோது, அதே தெருவுக்கு, அதே தட்டோடு போனோம். அந்த வீட்டு அம்மாள் இந்தத் தடவையும் வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்க தாயி" என்றாள்.

அக்கா உள்ளே போனாள். நான் வழக்கம்போல் சைக்கிளோடு நின்றேன். ஆணி இருந்தது. நூல் இல்லை.

"நீங்களும் வாங்க தம்பி."

போனேன். குதிர் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த சந்தில், கோணிகளை மடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்துவிட்டாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்து, கையில் ஊசித் தழும்பைத் தடவினாள். காது மடலில் இருந்த தழும்பையும் தடவினாள்.

"ஆசாரிகிட்ட சொல்லுங்க, இதுக்குக் கொஞ்சம் கீழ தள்ளிக் குத்தச் சொல்லி" என்றாள்.

எனக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஒங்க மகளப் பத்தி எழுதட்டுமாங்க?" என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். அந்த அம்மாள் முறைக்கவில்லை. குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"எழுதுங்க. இருந்துச்சு, போயிருச்சுன்னு எழுதுங்க. காகிதத்துலயாவது இருக்கட்டும். ஆனா வேப்பிலையப் பத்தி எழுதாதீங்க தம்பி."

எழுதினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக மெதுவாகத் தட்டினேன். அடித்து அடித்துத் திருத்தினேன். எழுதியதில் வேப்பிலை இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. முதல் செய்தி நான் எழுதியது, இரண்டாவது தப்பு என்பதையும் சேர்த்திருந்தேன். ஆபீசில் அதையெல்லாம் வெட்டிவிட்டு, கடைசிப் பக்க மூலையில் மூன்று வரி போட்டார்கள். 'மீண்டும்' என்ற வார்த்தை மட்டும் அவர்கள் சேர்த்தது.

அந்த மூன்று வரியை வெட்டி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அந்த அம்மாளிடம் கொடுத்தாள்.

காது குத்தன்று குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதது. ஆசாரி தழும்புக்குக் கீழே தள்ளித்தான் குத்தினார். அந்த அம்மாள் வந்திருந்தாள், ஓரமாக நின்று பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

நான் பேப்பருக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. கவர் கொடுக்கப் போகையில் கண்டக்டர், "என்னங்க, இப்பல்லாம் கவர் மெலிசா இருக்கு?" என்று கேட்பார். சிரித்து வைப்பேன்.

அதற்கடுத்த கோடையில் ஒரு நாள், வேறொரு வேலையாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஊரில், ஒரு தெருவில், ஒரு வீட்டு நிலையில் பச்சையாக ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. அதற்கு அடுத்த வீட்டு வாசலில், காக்கிச் சட்டைக்காரர் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரிடமோ நயமாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். தெருவில் நின்ற இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

நான் மணி அடிக்காமல், மிதித்த மிதியில் அந்தத் தெருவைக் கடந்து போய்விட்டேன். அது எந்த ஊர், எந்தத் தெரு என்று அன்றைக்கும் எழுதவில்லை.